இந்தோனேசியத் தொடர், பாட்காஸ்ட், கோப்லோ பாட்டு: நீண்ட நாள் பார்த்ததில் தெரிந்தவை

யூடியூபின் தானியங்கி சப்டைட்டிலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ வைத்துக்கொண்டு இந்தோனேசியக் காணொளி பார்ப்பது வேலைக்கு ஆகாது. ஜகார்த்தாப் பேச்சுமொழிக்கும் பாடப்புத்தக பஹாசாவுக்கும் (இந்தோனேசிய மொழிக்கும்) அவ்வளவு தூரம். புத்தகத்தில் 'சாயா' என்றால் நான்; திரையில் 'குவே'. நீ என்பதற்கு 'லோ', இல்லை என்பதற்கு 'ங்காக்'. இதோடு சுருக்கச் சொற்கள் வேறு. 'பாப்பெர்' என்றால் 'பாவா பெராசாஆன்', எதையும் மனசில் போட்டுக்கொள்வது. 'மாகெர்' என்பது 'மாலாஸ் கெராக்', அசையக்கூடச் சோம்பல். மொழிபெயர்ப்பு இயந்திரம் இவற்றை ஆள் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ நினைத்துக்கொள்ளும். சப்டைட்டிலை இந்தோனேசிய மொழியிலேயே வைத்து, வேகத்தை 0.75க்குக் குறைத்துப் பார்த்தால் காது சீக்கிரம் பழகும்.

'டோங்', 'சிஹ்' போன்ற ஒட்டுச்சொற்களில் தமிழருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். 'துங்கு டோங்' என்பது அப்படியே நம் 'கொஞ்சம் இரேன்'. 'ஆப்பா சிஹ்?' என்பது 'என்னதான்?'. ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் ஒரு விகுதி போதும்.

தொடக்கத்துக்கு பாட்காஸ்ட்தான் நல்லது. மந்திரவித்தைக் கலைஞராக இருந்து பேட்டியாளரான டெடி கோர்புசியர் நிகழ்ச்சி மாதிரி, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைத் தேர்ந்தெடுங்கள். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தும் நகைச்சுவை அரட்டைகளை இப்போதைக்குத் தொடவேண்டாம்.

அடுத்து சினெத்ரோன், அதாவது டிவி நெடுந்தொடர். தினமும் ஒளிபரப்பாவதை 'ஸ்ட்ரிப்பிங்' என்பார்கள். படப்பிடிப்புக்கும் ஒளிபரப்புக்கும் இடைவெளியே இல்லாமல் ஓடுவதற்கு 'கெஜார் தாயாங்' என்று பெயர். நடிகர் விலகினால் அந்தப் பாத்திரத்துக்கு விபத்து, நினைவிழப்பு, வெளியூர்ப் பயணம் என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். இதைக் கதைக் கோளாறு என்று எண்ணிக் கோபப்படுவது வீண். ஆர்சிடிஐ டிவியில் 2012 முதல் 2017 வரை ஓடிய 'துகாங் பூபூர் நாயிக் ஹாஜி' 2,000 பகுதிகளைத் தாண்டியது. எல்லாவற்றையும் பார்க்கும் உத்தேசம் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு பார்த்தாலே கதை பிடிபடும். பலர் கேலி செய்யும் ஒன்று மொழி பழக அருமையானது: கண்ணை அகல விரித்து நிற்கும் முகத்தின்மேல் ஓடும் மனக்குரல். ஒரே குரல், நிதானமான உச்சரிப்பு, பக்கத்தில் யாரும் குறுக்கிடுவதில்லை. கல்யாணக் காட்சியில் 'மெம்பெலாய்' என்ற சொல் காதில் விழும். நம் மாப்பிள்ளைதான் கடல் தாண்டிப் போயிருக்கிறார். அங்கே மணப்பெண்ணுக்கும் அதே சொல்.

பஹாசா ஓரளவு வந்தபிறகும் ஒன்றுமே புரியாத காணொளி வந்தால், அது பெரும்பாலும் ஜாவா மொழி. 2020 ஆகஸ்டில் யூடியூபில் வெளியாகிப் பரபரப்பான 'திலிக்' குறும்படம் ஒரு லாரி நிறையப் பெண்கள் ஜாவா மொழியில் வம்பளப்பது. 2020 மே மாதம் மறைந்த பாடகர் டிடி கெம்போட்டின் காதல் தோல்விப் பாடல்களும் அப்படியே. இவற்றில் தானியங்கி சப்டைட்டில் சுத்தமாகக் கைவிரித்துவிடும். பாடல் வரிகளைத் தனியே தேடி எடுத்து வைத்துக்கொள்வதே வழி.

டாங்டுட் என்ற இந்தோனேசிய வெகுஜன இசைப் பாடல் தேடும்போது பாட்டின் பெயரோடு அதன் வேகமான வகையான 'கோப்லோ' என்று சேர்த்தால், கெண்டாங் மேளம் தூக்கலாக ஒலிக்கும் மேடைப் பதிவுகள் வரும். குழுப் பெயருக்கு முன்னால் வரும் 'ஓஎம்' என்பது 'ஓர்கெஸ் மெலாயு'. ஒரே பாட்டைப் பத்துப் பாடகியர் பாடியிருப்பார்கள், ஆகவே பாடகி பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு 'ஃபுல் மூவி' என்று தேடினால் திருட்டுப் பதிவேற்றங்களின் இடவலம் மாறிய படமும் கீச்சுக்குரலும்தான் மிஞ்சும். தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தச் சேனலுக்குப் போவது மேல். உள்ளூர் ஸ்ட்ரீமிங் தளங்களில் பல தலைப்புகள் இந்தோனேசியாவுக்குள் மட்டுமே திறக்கும் என்பதால், சந்தா கட்டுமுன் வேண்டிய தொடர் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நேரடி ஒளிபரப்புக்கு 'விப்' என்ற நேரக் குறிப்பைப் பாருங்கள். அது மேற்கு இந்தோனேசிய நேரம், இந்தியாவுக்கு ஒன்றரை மணி முன்னால். இரவு 7 மணித் தொடர் நமக்கு மாலை 5.30. ரமலானில் சஹுர் (நோன்புக்கு முந்தைய அதிகாலை உணவு) நேரத்து நிகழ்ச்சிகள் அதிகாலை 2 மணிவாக்கில் தொடங்கும். இங்கே அப்போது நள்ளிரவு 12.30.