கூரை மாற்றிய கையோடு எழுதுகிறேன்: எங்கள் மொபைல் ஹோம் இன்சூரன்ஸ்

டெக்சாஸில் மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் கட்டி இழுத்து வந்து வைக்கும் வீடு) வாங்கப் போகும் நண்பர் ஒருவர், "நீங்க எந்த கம்பெனியில போட்டிருக்கீங்க? நல்லா இருக்கா?" என்று கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரம், கூரையை மாற்றி முடித்து வேலைக்காரர்களுக்குக் கடைசித் தவணையைக் கொடுத்த வாரம். அந்தச் சூட்டில் ஒரு வரியில் பதில் போட்டிருந்தால் கம்பெனிக்கு அநியாயம் செய்தவனாகியிருப்பேன். அதனால் நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. என்னைக் கடுப்பேற்றிய விஷயம் அந்த ஒரு கம்பெனியோடு நிற்பதும் இல்லை.

எங்களுடையது 2012-ல் தயாரான டபுள் வைடு, அதாவது இரண்டு பகுதிகளை ஒட்டிச் சேர்த்த வீடு. சொந்த நிலம், நிரந்தர அடித்தளம். வீட்டுக்கு 90,000 டாலர் காப்பீடு. காற்று, ஆலங்கட்டிக்கு டிடக்டிபிள் 2 சதவீதம். இந்த 2 சதவீதம் சேதத்தின் மீது இல்லை, காப்பீட்டுத் தொகையின் மீது. அதாவது எந்தப் புயலுக்கும் முதல் 1,800 டாலர் நம் கையிலிருந்து. இதை ஏஜென்ட் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொன்னார், அதில் எனக்குக் குறை இல்லை.

முதலில் அவர்கள் நன்றாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க உறைந்து கரண்ட் போனது நினைவிருக்கும். குழாய்களைச் சொட்ட விட்டிருந்தோம், சிங்க் அடியில் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தோம். ஹீட்டர் நின்றுபோன பிறகு அதெல்லாம் எவ்வளவு நேரம் தாங்கும்? தரைக்கு அடியில் ஓடும் குழாய் வெடித்தது. மொபைல் ஹோமில் தரைக்குக் கீழே இன்சுலேஷனைத் தாங்கிக்கொண்டு ஒரு கறுப்பு ஷீட் ஓடும், பெல்லி என்பார்கள். பனி உருகித் தண்ணீர் வர ஆரம்பித்ததும் அந்த ஷீட் பசுவின் மடி போலத் தொங்கிவிட்டது. ஹால் ஓரத்தில் பார்ட்டிகிள் போர்டு தரை தண்ணீர் குடித்து உப்பி, நடந்தால் அமுங்கியது.

உறைபனிச் சேதத்துக்குப் பணம் தர பெரும்பாலான பாலிசிகள் ஒரு நிபந்தனை வைக்கும்: வீட்டுக்குள் சூடு இருக்கும்படி பார்த்துக்கொண்டீர்களா, இல்லையென்றால் தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்தீர்களா? ஊரே இருட்டில் இருந்தபோது சூடு எங்கிருந்து வரும்! இதைச் சாக்காக வைத்துக் கைவிரிப்பார்கள் என்று பயந்துதான் இருந்தேன். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய அட்ஜஸ்டர் பெண்மணி வந்து, என்னவெல்லாம் செய்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார், கரண்ட் போன நேரத்தைக் குறித்துக்கொண்டார். "உங்களால் முடிந்ததைச் செய்திருக்கிறீர்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டார். தரை, பெல்லி, இன்சுலேஷன், வேலை நடந்தபோது வெளியே தங்கிய ஓட்டல் செலவு, எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. டெக்சாஸ் சட்டப்படி கம்பெனி 15 நாளுக்குள் கிளெய்மைப் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். கேட்ட ஆவணமெல்லாம் கைக்கு வந்த பிறகு 15 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதாகச் சொன்ன பிறகு 5 வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும். மாநிலமே கிளெய்மில் மூழ்கியிருந்த அந்தச் சமயத்திலும் இவர்கள் கெடுவைத் தாண்டவில்லை. போன் எடுத்தார்கள். ஒரே ஆள் கடைசி வரை நம் ஃபைலைப் பார்த்தார். இதற்காக அவர்களை நான் பலரிடம் புகழ்ந்திருக்கிறேன். அந்தப் புகழ்ச்சியில் ஒரு வார்த்தையைக்கூட இப்போதும் திரும்பப் பெற மாட்டேன்.

சரி, கூரைக்கு வருகிறேன்.

2024 வசந்தத்தில் ஆலங்கட்டி மழை. மறுநாள் காலையில் மழைநீர்க் குழாய் முனையில் ஷிங்கிளிலிருந்து (கூரைமேல் ஓடு போலப் பதிக்கும் தார் அட்டை) உதிர்ந்த கருந்துகள் குவியலாகக் கிடந்தது. அட்ஜஸ்டர் வந்தார். இந்த முறை ஓர் இளைஞர், அவரும் தங்கமான மனிதர். கூரைமேல் ஏறி 10 அடிக்கு 10 அடி சதுரம் ஒன்றைச் சாக்பீஸால் போட்டு, அடி விழுந்த இடத்தையெல்லாம் வட்டமிட்டார். கீழிருந்து படம் எடுத்தேன். சதுரம் முழுக்க வட்டங்கள். "முழுக் கூரையும் மாற்ற வேண்டியதுதான்" என்று இறங்கும்போதே சொன்னார். மதிப்பீடு 12,000 டாலர். வாதமே இல்லை. நாங்கள் நிம்மதியாக இருந்தோம், ஏனென்றால் பாலிசியின் முதல் பக்கத்தில் 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' என்று போட்டிருக்கிறது. பழையதற்குப் புதியது என்ன விலையோ அது.

வந்த செக் 3,000 டாலர்.

கணக்கு இப்படி. 12 வருட ஷிங்கிள் கூரைக்கு 40 சதவீதம்தான் தருவார்களாம். 12,000-ல் 40 சதவீதம் 4,800. அதில் டிடக்டிபிள் 1,800 போனால் 3,000. மீதி 9,000 நம்முடையது. முழு ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் என்றால் முதலில் தேய்மானம் கழித்த செக் வரும், வேலையை முடித்து பில் கொடுத்ததும் கழித்த 7,200 திரும்ப வரும். மொத்தம் 10,200. நாங்கள் அந்த இரண்டாவது செக்குக்காகக் காத்திருந்தோம். போன் செய்து கேட்டபோதுதான் அது வரவே வராது என்று தெரிந்தது.

காரணம் ஓர் இணைப்புத் தாள். 2023 புதுப்பித்தலில் பாலிசியோடு சேர்த்த 'ரூஃப் பேமென்ட் ஷெட்யூல்'. ஒரு பக்கம் கூரையின் வயது, மறுபக்கம் கூரையின் பொருள், நடுவில் சதவீதங்கள். காற்றோ ஆலங்கட்டியோ கூரையைக் கெடுத்தால் முதல் பக்கத்தில் இருப்பது செல்லாது, இந்த அட்டவணைதான் செல்லும். முதல் பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது: ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட். கூரையைத் தவிர என்று அங்கே ஒரு நட்சத்திரக் குறிகூடக் கிடையாது. புதுப்பித்தலோடு வந்த கடிதத்தின் தலைப்பு, உங்கள் பாலிசியில் மாற்றங்கள். உள்ளே படிவ எண்களின் பட்டியல். 'ஆலங்கட்டி விழுந்தால் உங்கள் கூரைக்கு இனி முழுப் பணம் கிடையாது' என்ற ஒரு வாக்கியத்தை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? டெக்சாஸில் கூரை போவதே பெரும்பாலும் ஆலங்கட்டியால்தான். எதற்காக மக்கள் இன்சூரன்ஸ் எடுக்கிறார்களோ அதையே எடுத்துவிட்டு, அதைப் படிவ எண்ணாகத் தெரிவிக்கிறார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று. சாதாரண தேய்மானக் கணக்கில் அட்ஜஸ்டர் கூரையின் நிலையைப் பார்ப்பார். நன்றாகப் பராமரித்திருந்தால் தேய்மானத்தைக் குறைத்துப் போட இடம் உண்டு. இந்த அட்டவணைக்குக் கண் கிடையாது. வயது என்ன, பொருள் என்ன, அவ்வளவுதான். கூரை ஓரத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஃபிளாஷிங் தகட்டை மாற்றியது, மரக்கிளைகளை வெட்டியது, ஒழுகல் ஒன்றுகூட இல்லாமல் வைத்திருந்தது எதற்கும் கால் காசு மதிப்பு இல்லை. அந்த இளைஞரே, "இந்தக் கூரை வயதுக்கு நல்ல நிலையில் இருந்தது, ஆனால் எழுத இடமில்லை" என்றார்.

செக் வருவதற்குள்ளேயே கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள், புயலின் பின்னாலேயே ஊர் ஊராக வரும் கூரைக்காரர்கள். "டிடக்டிபிளை நாங்க பார்த்துக்கறோம்" என்று ஒருவர் சொன்னார். நண்பருக்கு முக்கியமாகச் சொல்கிறேன், அப்படிச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் அது சட்டப்படி குற்றம். டிடக்டிபிளை நீங்கள்தான் கட்டினீர்கள் என்பதற்குக் கம்பெனி ரசீது கேட்கலாம்.

புதுக் கூரைக்குக் கூடுதலாக 1,500 டாலர் போட்டு கிளாஸ் 4 ஷிங்கிள் வாங்கினோம். இரண்டு அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டும் வெடிக்காத ரகத்துக்குத்தான் அந்தச் சான்று. பல கம்பெனிகள் பிரீமியத்தில் தள்ளுபடியும் தருகின்றன. ஆக எங்கள் கையிலிருந்து போனது 10,500. தகரக் கூரை பார்க்கிறவர்கள் வேறொன்றைத் தேட வேண்டும்: 'காஸ்மெடிக்' விலக்கு இருக்கிறதா என்று. அது இருந்தால் தகரம் முழுக்கக் குழி விழுந்தாலும் ஒழுகாத வரை பணம் இல்லை.

நண்பர் கேட்ட மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. வெள்ளம் இந்தப் பாலிசியில் கிடையாது, பெரும்பாலான கம்பெனிகளிலும் கிடையாது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டில் தனியாக எடுக்கலாம்; வீட்டுக்கு 250,000, பொருளுக்கு 100,000 டாலர் வரை. மொபைல் ஹோம் நிரந்தர அடித்தளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்கமாக 30 நாள் காத்திருப்பு உண்டு, வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு வாங்க முடியாது. வீட்டை வேறு இடத்துக்கு இழுத்துப் போவதாக இருந்தால் அந்தப் பயணத்துக்குத் தனியாக 'ட்ரிப்' கவரேஜ் கேளுங்கள். கார்போர்ட், டெக், ஷெட் எல்லாம் தனிக் கணக்கு. எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கடனில் வாங்கினால் பாலிசியைக் காலாவதியாக விடாதீர்கள். விட்டால் கடன் கொடுத்தவர் தானே ஒரு இன்சூரன்ஸ் போட்டு, கொள்ளை விலையை உங்கள் தலையில் கட்டுவார். அது அவர் கடனைத்தான் காக்கும், உங்கள் சாமான்களை அல்ல.

அப்புறம், வாங்குமுன் வீட்டின் மத்திய அரசுத் தரச் சான்றான சிவப்பு உலோகத் தகட்டைப் பார்த்து எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1976 ஜூன் 15-க்குப் பிறகு தயாரான ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பகுதிக்கும் வெளிச்சுவரில் ஒன்று இருக்க வேண்டும். டபுள் வைடு என்றால் இரண்டு. உள்ளே டேட்டா பிளேட் என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், சமையலறை அலமாரிக்குள்ளோ, மின்பெட்டி பக்கத்திலோ, படுக்கையறை அலமாரிக்குள்ளோ. அதில் அந்த வீடு எந்த 'விண்ட் ஸோனுக்கு' (காற்றின் வேகத்தைப் பொறுத்துப் பிரித்த பகுதி) கட்டப்பட்டது என்று போட்டிருக்கும். 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஃப்ளோரிடாவில் மொபைல் ஹோம்களைத் துடைத்துப் போட்ட பிறகு, 1994-ல் காற்று விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதனால் கடற்கரைப் பக்கம் வைக்கிறவர்களுக்கு அந்தக் காகிதம் மிக முக்கியம். முந்தைய உரிமையாளர் பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலும் கிளறிப் பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்விகளில் இந்த எண்களும் இருக்கும்.

சரி, முடிவாக எந்தக் கம்பெனி?

நான் இவர்களை விட்டுப் போகிறேன். அடுத்த புதுப்பித்தலில் இல்லை, இப்போதே. புதிய கம்பெனியின் பிரீமியம் வருடத்துக்கு 400 டாலர் அதிகம். கூரைக்கு அட்டவணை கிடையாது என்று மின்னஞ்சலில் எழுதித் தந்திருக்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டால் நான் இருக்கும் இடத்திலேயே இருப்பதுதான் லாபம் என்று தெரியும். என் மனைவி போட்டே காட்டிவிட்டாள். இப்போது கூரை புத்தம் புதுசு. அந்த அட்டவணையின் மேல் வரிசையில் இருக்கிறோம், சில வருடங்களுக்கு அது எங்களைப் பெரிதாகக் கடிக்காது. கிளெய்ம் சேவையில் புதியவர்கள் எப்படி என்று ஒன்றும் தெரியாது. 2021-ல் அந்தப் பெண்மணி நடத்திய விதத்தில் நடத்துவார்களா என்பதும் தெரியாது. எல்லாம் சரிதான். ஆனால் புதுப்பித்தல் கவர் வரும்போதெல்லாம் இந்த முறை எதை உருவியிருக்கிறார்கள் என்று படிவம் படிவமாகத் தேடிக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை. முதல் பக்கத்தை நம்ப முடியாத பாலிசிக்கு நான் பணம் கட்டுவதாக இல்லை.

நண்பருக்கு என் பதில் வேறு. நீங்கள் பார்க்கும் வீட்டின் கூரை ஐந்து வருடத்துக்கு உட்பட்டது என்றால் தாராளமாக இவர்களிடமே எடுங்கள், கிளெய்ம் நேரத்தில் மனிதர்களாக நடந்துகொள்கிறார்கள். கூரை பழசு என்றால் ஏஜென்டுக்கு ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: "ஆலங்கட்டியில் என் முழுக் கூரையும் போனால், இந்தக் கூரையின் இன்றைய வயதுக்கு, டிடக்டிபிள் கழித்து எனக்கு வரும் செக் எத்தனை டாலர்?" தொகையாகப் பதில் வரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். பெயர் வேண்டுமென்றால் போன் பண்ணுங்கள், சொல்கிறேன்.