அம்மாவின் வலிக்கு எண் கேட்டார்கள்

கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து ஊருக்குப் போன மூன்று வாரப் பயணத்தில் மற்றதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஆஸ்பத்திரியில் கழிந்த ஒரு காலைப்பொழுதுதான் இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் விவரம் குறித்துக்கொள்ள ஓர் இளைஞர் வந்தார். "வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?"

"படுத்தால் பாதம் திகுதிகுவென்று எரிகிறது தம்பி. நடுவே சுரீரென்று ஓர் இழுப்பு. விடிந்தால் மதமதவென்று கிடக்கிறது."

"எண்ணாகச் சொல்லுங்கள் அம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். வலியைப் பெரிதாகச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர். "ஐந்து" என்றார். திரையில் 5 ஏறியது. எரிச்சலும் இழுப்பும் மதமதப்பும் காற்றோடு போயின.

எனக்குக் கோபம் பொங்கியது. மாண்ட்ரியலில் இதே கேள்விக்கு எத்தனையோ முறை பதில் சொல்லிவிட்டேன், ஊரிலுமா? வலியின் அளவு மட்டும் போதாது, அதன் தன்மையையும் கேட்க வேண்டும் என்று அதே மாண்ட்ரியலில்தான் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975-இல் வலியை விவரிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கிக் கொடுத்தார். முதுகுவலிக்காக ஒருமுறை அந்தப் பட்டியலை நிரப்பினேன். குடைச்சலுக்கு இணையான ஆங்கிலச் சொல் அதில் இருந்தது. குறியிட்டேன்; ஆனால் என் எலும்புக்குள் இருந்தது குடைச்சல்தான், அந்தச் சொல் அல்ல. "குத்தலா, குடைச்சலா, கடுப்பா?" என்று கேட்டபடியே நாடி பிடிக்கும் பழைய டாக்டர்களை உங்களுக்கும் நினைவிருக்கும்.

உள்ளே இருந்த இளம் டாக்டர் திரையைத் தள்ளிவைத்துவிட்டு, "எரிச்சலா அம்மா, கடுப்பா?" என்றார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் டாக்டர் பாதத்தைத் தொட்டார். "பட்டால் சொல்லுங்கள்." குதிகாலுக்கு மேலே "ம்" என்றார் அம்மா. பெருவிரலில் இழை வளைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாய் திறக்கவில்லை.

சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கிறது. எரிச்சல், சுரீர், மரத்துப்போதல் மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நரம்பைத்தான் சந்தேகிப்போம் என்றார் டாக்டர். அந்த மூன்றையும் அம்மா வாசலிலேயே சொல்லியிருந்தார்.

வெளியே வந்ததும் அந்த இளைஞரிடம், 5-க்குப் பக்கத்தில் அம்மாவின் சொற்களையும் சேர்க்கச் சொன்னேன். கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும் என்றார். மருந்துச் சீட்டின் பின்புறம் நானே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: திகுதிகு, சுரீர், மதமத. அடுத்த முறை அம்மா தனியாகத்தான் போவார்.