அப்பாவின் கல்லறைக்கு வெள்ளை மார்பிளா, கறுப்பு கிரானைட்டா?

அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்குள் கல்லறையைக் கட்டி மந்திரித்துவிட (குருவானவரை வைத்து ஆசீர்வதித்துவிட) வேண்டும் என்று வீட்டில் முடிவானது. அக்காவுக்கு வெள்ளை மார்பிள் மேல் ஆசை. தம்பி சிமெண்ட் போதும் என்றான். நான் கறுப்பு கிரானைட் பக்கம் நின்றேன், கடைசியில் அதையே வைத்தோம். இன்று யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். எங்கள் ஊர் தூத்துக்குடி. கடல்காற்று படாத ஊர்க்காரர்கள் நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

சிமெண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செங்கல் கட்டு, பூச்சு, மேலே டைல்ஸ். உள்ளூர்க் கொத்தனாரே முடித்துவிடுவார், செலவும் குறைவு. உப்புக்காற்றில் சிலுவைக்குள் இருக்கும் கம்பி துருவேறி உப்பி, சிமெண்டைப் பிளக்கும். வருடா வருடம் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஒட்டுப்போட்டு வெள்ளையடிக்க ஊரில் ஆள் இருக்கும் குடும்பத்துக்கு இது தாராளமாகப் போதும். எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று ஊரில் இருக்கிறோம்.

மார்பிளின் அழகை நான் மறுக்கவே மாட்டேன். வெள்ளைச் சிலுவைக்குக் கீழே மெழுகுவர்த்தி எரியும்போது அதற்கு இணையே இல்லை. ஆனால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். அமிலம் பட்டால் அரிக்கும், எண்ணெயையும் மெழுகையும் உறிஞ்சிக் கறையாக்கும். மக்ரானா மார்பிளில் கட்டிய தாஜ்மஹாலுக்கே மஞ்சள் படிந்து, தொல்லியல் துறை முல்தானி மிட்டி பூசித்தான் சுத்தம் செய்கிறது. நம் கல்லறைத் தோட்டத்தில் நடப்பது என்ன? திருநாளுக்கு முந்தின நாள் கூலிக்கு வரும் ஆள் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பார். கல் நுரைக்கும், பளிச்சென்று ஆகிவிடும், குடும்பமும் சந்தோஷப்படும். நாலைந்து வருடம் இப்படிப் போனால் மேற்பரப்பு சர்க்கரையைத் தொட்டதுபோல நறநறக்கும். எழுத்தின் ஓரங்கள் மழுங்கிவிடும்.

அந்த எழுத்துதான் என்னை முடிவெடுக்க வைத்தது. கல் நிறம் மாறினாலும் கல்லறை கல்லறைதான். பெயர் படிக்க முடியாவிட்டால் அது யாருடையது? மார்பிளில் வெட்டிய எழுத்து பெயிண்ட்டால்தான் தெரியும். வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பள்ளம், கறுப்போ தங்க நிறமோ பூசாவிட்டால் தூரத்திலிருந்து கண்ணுக்குப் படாது. அந்தப் பெயிண்ட் வெயிலில் உரியும். பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்டில் அழுத்தக் காற்றோடு மணல் அடித்து வெட்டினால், வெட்டிய இடமே சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரியும். பெயிண்ட் முழுக்கப் போனாலும் பெயர் நிற்கும்.

ஆனால் ஆழம் வேண்டும். பட்டறையில் மாதிரிக் கற்களைக் காட்டிய எழுத்து வெட்டுபவர் என்னிடம், “மினுக்கத்தைப் பாக்காதீங்க அண்ணாச்சி, நகத்தை உள்ள விட்டுப் பாருங்க” என்றார். இரண்டு கல்லில் நகம் வழுக்கிக்கொண்டு போனது, மூன்றாவதில் நின்றது. அதே ஆழத்தில் வெட்டச் சொன்னோம். சென்னைக் கோட்டைக்குள் தூய மரியாள் ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆட்கள் நடந்து நடந்தும், உளி வைத்துச் செதுக்கிய பெயர்கள் பல இன்னும் படிக்கக் கிடைக்கின்றன.

கறுப்பு கிரானைட் என்று விற்பதெல்லாம் கறுப்பும் இல்லை. சாம்பல் நிறக் கல்லில் சாயமோ எண்ணெயோ ஏற்றி விற்பதுண்டு, இரண்டு மூன்று கோடையில் வெளிறிவிடும். நகச்சாயம் அழிக்கும் திரவத்தை வெள்ளைப் பஞ்சில் தொட்டுக் கல்லைத் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் வேறு கல் பாருங்கள். கனத்தையும் கேளுங்கள்: அடுப்படி மேடைக்குப் போடும் பலகையைச் செங்கல்லில் ஒட்டுவது வேறு, பெயர்க்கல்லை ஒரே கனமான கல்லாக நிறுத்துவது வேறு. கையில் இருக்கும் காசைப் பெயர்க்கல்லில் போடுங்கள், சுற்றுக்கட்டு எளிமையாக இருக்கட்டும்.

கிரானைட்டுக்கும் குறை உண்டு. உச்சி வெயிலில் கை வைக்க முடியாது, மேலே வைத்த பூ அரை நாளில் சுருண்டுவிடும். எங்கள் ஊர் உப்புத்தண்ணீரில் கழுவி அப்படியே விட்டால் வெள்ளைத் திட்டு படியும், உடனே துணியால் துடைத்தாக வேண்டும். அப்பாவின் முகத்தை லேசரில் பொறித்தோம். இப்போது அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொறிப்பு ஆழமில்லாதது, நாங்கள் வைத்தும் கொஞ்ச காலம்தான் ஆகிறது, அதனால் அதை நம்பிக் கல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன்.

எந்தக் கல்லானாலும் பங்குத்தந்தையிடம் முதலில் பேசிவிடுங்கள். நிரந்தரக் கல்லறை அனுமதி, அளவு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அடக்கம் முடிந்து ஒரு மழைக்காலமாவது போகட்டும், மண் இறங்கி அமரும் முன் கட்டினால் எந்தக் கல்லும் சாயும். அம்மா பெயருக்கும் அதே கல்லில் இடம் விடவா என்று பட்டறையில் கேட்பார்கள், அதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

மெல்லிய எழுத்துரு வேண்டாம். மணல் அடிக்கும்போது ண, ஞ, இ போன்றவற்றின் சுழிக்குள் ஒட்டிய ஸ்டென்சில் (எழுத்து வடிவில் வெட்டி ஒட்டும் தாள்) துணுக்கு பெயர்ந்துபோனால் சுழி முழுக்கக் குழியாகிவிடும். தடித்த எழுத்தாக, இடைவெளி விட்டு அமைக்கச் சொல்லுங்கள். ஸ்டென்சில் கல்லில் ஒட்டியதும், மணல் அடிக்கும் முன், பெயரையும் பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் வீட்டார் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துச் சரிபாருங்கள்.