கிரவுன் கிராஃபிக்கில் அகலக்கோணம்: 90-க்கு எதையும் வெட்ட வேண்டாம், 65-க்கு மெனக்கெட வேண்டும்

4×5 அங்குல ஃபிலிமில் அகலக்கோணம் வேண்டும், கையில் பிடித்தே எடுக்க வேண்டும், மடித்தால் பைக்குள் அடங்க வேண்டும் என்றால், பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய பழைய பிரஸ் கேமராவை விட்டால் அதிக வழியில்லை. அவற்றில் நாங்கள் முதலில் கைகாட்டுவது கிராஃப்லெக்ஸ் நிறுவனத்தின் பேஸ்மேக்கர் கிரவுன் கிராஃபிக். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் 1947 முதல் 1973 வரை செய்யப்பட்ட இந்தக் கேமரா, 127 முதல் 152 மி.மீ. வரை குவியத் தூரமுள்ள லென்ஸ்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 90 மி.மீ. லென்ஸை மாட்டினால் கொஞ்சம் இறுக்கும். 65-ஐ மாட்டினால் தையலையே பிரிக்க வேண்டியிருக்கும்.

பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் ஸ்பீடு கிராஃபிக்கை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அதில் ஃபிலிமுக்கு முன்னால் துணித்திரை ஷட்டர் இருக்கிறது. அதற்காகவே பெட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் ஆழமாகிவிட்டது. குவியத் தூரம் குறைந்த குட்டை லென்ஸுக்குத் தேவைப்படுவது அந்த இடம்தான். ஏற்கெனவே கையில் ஸ்பீடு இருந்தால் 90 வரை போகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் துணித்திரையை 'டி' நிலையில் திறந்துவைத்த பிறகே எடுக்க வேண்டும். மறந்தால் லென்ஸ் ஷட்டர் ஒழுங்காகச் சொடுக்கும், ஃபிலிம் வெறுமையாக வரும். இதற்கு முந்தைய ஆனிவர்சரி மாடலில் வேறொரு தொல்லை: பெட்டிக்குள் இருக்கும் ரெயிலும் முன்பலகையின் (முன்னால் திறந்து இறங்கும் பலகையின்) ரெயிலும் இணைக்கப்படவில்லை. லென்ஸைப் பிடித்தபடி ரெயிலில் நகரும் தாங்கி பெட்டிக்குள் நின்றால் ஃபோகஸ் குமிழ் அதை அசைக்காது; கையால் தள்ளித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பேஸ்மேக்கர் வரிசையில் இரண்டும் கீல் போட்டு இணைக்கப்பட்டிருக்கின்றன. அகலக்கோணத்துக்கு இந்தக் கேமராவைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே போதும்.

வாங்கும்போது பின்பக்கம் கிராஃப்லாக் வகையா என்று பாருங்கள். 1949-இல் வந்தது அது. ரோல் ஃபிலிம் ஹோல்டரும் பூட்டிக்கொள்ளும். லென்ஸையும் பெட்டியையும் இணைக்கும் மடிப்புத் துருத்திக்குள் டார்ச்சை எரியவிட்டு இருட்டறையில் ஒவ்வொரு மடிப்பு மூலையையும் பாருங்கள். குட்டை லென்ஸில் துருத்தி எப்போதும் நெருக்கி மடிந்தே கிடப்பதால் ஓட்டை வெளியே தெரியாது. அதை ஃபிலிம்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து முன்பலகை. கிடைமட்டமாக எடுக்கும்போது 90 மி.மீ. லென்ஸ் நடு அச்சிலிருந்து கீழ்நோக்கி சுமார் 28 டிகிரி பார்க்கிறது. 65 சுமார் 36 டிகிரி. பலகை நேராக இருந்தால் அதன் நுனி லென்ஸிலிருந்து ஏறத்தாழ 25 டிகிரிக் கோணத்தில் இருக்கும். அதனால் 90-லேயே பலகை படத்துக்குள் வந்துவிடும். பலகையை 15 டிகிரி கீழே இறக்கினால் 90-க்குத் தாராளம். 65-க்கு அப்போதும் விளிம்பில்தான் நிற்கும். சற்றே கீழே இறங்கிய லென்ஸ் என்றால் நுனி தெரியும். கேமராவைச் சாய்த்துச் செங்குத்தாக எடுத்தாலும் கணக்கு மாறாது, ஏனென்றால் பலகை எப்போதும் ஃபிலிமின் நீளப் பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. ஃபோகஸ் திரையின் நடுவைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், மேல் மூலைகளைப் பாருங்கள். திரையில் படம் தலைகீழாக இருப்பதால் பலகை மேல்பக்கம் தெரியும்!

பலகையை இறக்கும்போது லென்ஸ் தாங்கி எங்கே நிற்கிறது என்பது முக்கியம். பெட்டிக்குள் ரெயிலில் நின்றால் அது சாயாது. பலகை மேல் நின்றால் பலகையோடு 15 டிகிரி முன்னால் சாயும். அப்போது தாங்கியை அதே அளவு பின்னால் சாய்த்து, லென்ஸ் நடு அச்சுக்கு வரும்வரை மேலே தூக்க வேண்டும். தாங்கியின் கால் சரியாகக் கீலின் மேல் விழும் லென்ஸ்தான் மோசம், இறுக்கவே முடியாது. அதற்கு மருந்து, லென்ஸைப் பூட்டித் தாங்கியில் மாட்டும் போர்டில் இருக்கிறது: சற்று வெளியே தள்ளிய போர்டு போட்டால் தாங்கி பின்னால் பெட்டிக்குள் போகும், உள்வாங்கிய போர்டு போட்டால் முன்னால் வரும்.

லென்ஸ் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது பட வட்டம், அதாவது லென்ஸ் ஃபிலிம் தளத்தில் விழவைக்கும் படத்தின் விட்டம். 4×5 ஃபிலிமின் மூலைவிட்டம் சுமார் 154 மி.மீ. ஷ்னைடர் ஆங்குலான் 90 எஃப்6.8, துளையை எஃப்22-க்குச் சுருக்கினால் தரும் வட்டமும் அவ்வளவுதான். மூலைகள் மென்மையாக இருக்கும், லென்ஸை மேலே தூக்க இடமில்லை. ஆனால் கேமராவை மூடினால் உள்ளேயே மடிந்துகொள்ளும் சிறிய லென்ஸ் அது. கையில் எடுத்துச் சுற்றுவதற்கு எங்கள் ஓட்டு அதற்கே. சூப்பர் ஆங்குலான் 90 எஃப்8 தருவது 216 மி.மீ.; கட்டடம் எடுப்பவருக்கு அதுதான். 75 எஃப்5.6-க்கு 198. 65 எஃப்5.6-க்கு 170, எஃப்8 வகைக்கு 155. 65-ஐ மேலே தூக்க வட்டமும் இடம் தராது, பெட்டியின் மேல் விளிம்பும் விடாது. அதனால் அந்த ஆசையை முதலிலேயே விட்டுவிடலாம்.

போர்டு சுமார் 4 அங்குலச் சதுர உலோகத் தகடு, ஓரம் மடிந்திருக்கும். அந்த மடிப்புதான் ஒளியைத் தடுக்கிறது. தட்டையான தகட்டை வெட்டிப் போட்டால் ஓரத்தில் கறுப்பு ஃபெல்ட் ஒட்டாமல் விடாதீர்கள். கோபால் 0 ஷட்டருக்கு 34.6 மி.மீ. துளை, கோபால் 1-க்கு 41.6. லென்ஸின் பின்பகுதி தாங்கியின் வாய்க்குள் நுழையுமா என்று வாங்கும் முன்பே காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். நுழையாவிட்டால் பின்பகுதியைக் கழற்றி, போர்டைப் பூட்டி, கேமராவின் பின்பக்கம் வழியாகத் திருக வேண்டியிருக்கும். லென்ஸ் பெட்டிக்குள் நிற்கும்போது ஷட்டர் நெம்புகோல்களுக்கு விரல் எட்டாது. ஷட்டரைத் தூரத்திலிருந்து அழுத்தும் கேபிள் ரிலீஸை முன்கூட்டியே மாட்டிவிட்டு, போர்டைப் பூட்டும் முன்பே அதைச் சோதியுங்கள்.

இனி சொல்வதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: ஃபோகஸ் திரையாக இருக்கும் தேய்த்த கண்ணாடி. ஃபிலிம் ஹோல்டரில், அது கேமராவில் அமரும் முகத்திலிருந்து நடுத்தகடு வரை ஆழம் 5.0 மி.மீ., ஃபிலிமின் தடிமன் போக அதன் முகம் 4.8-இல் நிற்கிறது. கண்ணாடியின் தேய்த்த முகமும் 4.8-இல் இருக்க வேண்டும். கிராஃப்லெக்ஸின் எக்டாலைட் பின்பக்கத்தில், திரையைப் பிரகாசமாக்கும் ஃபிரெனல் தகடு கண்ணாடிக்கு முன்னால், லென்ஸ் பக்கம் இருக்கிறது. அதற்கு ஏற்பவே கண்ணாடி அமரும் மேடையும் செய்யப்பட்டிருக்கிறது. ஃபிரெனலை எடுத்தெறிந்துவிட்டு வெறும் கண்ணாடியைப் போட்டால், ஃபிரெனலின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு பிழை வரும். 1.5 மி.மீ. தகடு என்றால் 1 மி.மீ.

ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 135 மி.மீ. லென்ஸில், கண்ணாடியில் முடிவிலிக்கு ஃபோகஸ் செய்தால் ஃபிலிம் சுமார் 18 மீட்டருக்குக் கூர்மையாகும். 90-இல் 8 மீட்டர். 65-இல் 4.2 மீட்டர்! எஃப்22-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் அதிகம் என்பதால் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும்; எஃப்8-இல் அம்பலமாகிவிடும். "65 லென்ஸ் சரியில்லை" என்று விற்கப்படும் லென்ஸ்கள் பலவற்றின் கதை இதுதான். திருத்தம் எளிது: கண்ணாடி அமரும் நான்கு மூலைகளிலும், எடுத்த ஃபிரெனலின் மூன்றில் இரண்டு பங்கு தடிமனுக்குப் பித்தளைத் தகடு வைத்துவிடுங்கள். ஃபிரெனல் இல்லாமலே வந்த பின்பக்கத்தில் புதிதாக ஃபிரெனல் போடுவதாக இருந்தால், அதைக் கண்ணாடிக்குப் பின்னால், கண் பக்கம் மட்டும் போடுங்கள். எந்த மாற்றமும் தேவைப்படாது.

கண்ணாடி சரியான பிறகு, தாங்கி ஃபிலிமுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். போர்டின் நான்கு மூலைகளிலிருந்தும் பின்பக்கச் சட்டம் வரை அளந்தால் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பழைய தாங்கிகள் ஒரு பக்கம் தொய்வது வழக்கம். காலின் அடியில் மெல்லிய தகடு வைத்தால் போதும்.

பெட்டிக்குள் முடிவிலித் தடை கிடையாது. தொலைவுப் பொருளை லூப்பில் (சிறு உருப்பெருக்கியில்) பார்த்து, எஃப்8-இல் நிறுத்தி, தாங்கியின் காலுக்குப் பின்னால் ரெயிலில் சிறு கிளிப் ஒன்றைப் பூட்டுங்கள். பிறகு ஃபோகஸ் அளவுகோல் ஒன்றை நீங்களே ஒட்டிக்கொள்ளலாம். முடிவிலியிலிருந்து முன்னால் நகர வேண்டியது, 90-க்கு: 5 மீட்டருக்கு 1.65 மி.மீ., 3-க்கு 2.8, 2-க்கு 4.2. 65-க்கு: 0.86, 1.4, 2.2. எஃப்22-இல் 65-ஐ 2 மீட்டரில் வைத்தால் 1 மீட்டர் முதல் முடிவிலி வரை போதுமான கூர்மை கிடைக்கும், 90-ஐ 3.8 மீட்டரில் வைத்தால் 1.9 முதல். கேமராவின் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

கம்பிச் சட்ட வியூஃபைண்டரும் இனி பொருந்தாது. புதிதாகச் செய்வது அரை மணி நேர வேலை: 96×120 மி.மீ. திறப்புள்ள சட்டத்தைக் கண்ணிலிருந்து லென்ஸின் குவியத் தூரத்திலேயே நிறுத்தினால் பார்வைக்கோணம் தானாகச் சரியாகும். 65 மி.மீ. தூரம் கண்ணுக்கு நெருக்கம் என்றால் இரண்டையும் ஒரே விகிதத்தில் பெருக்குங்கள்.

மூலை இருட்டைப் பற்றி முறையிடுபவர்களுக்கு: அது இயற்பியல். சாதாரண லென்ஸ் கணக்கில் 90-இன் மூலையில் சுமார் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதி) இருட்டு, 65-இல் இரண்டரை. சூப்பர் ஆங்குலானின் வடிவமைப்பு இதைச் சற்றுக் குறைக்கிறது. ஸ்லைடு ஃபிலிம் என்றால், நடுவில் மட்டும் ஒளியைக் குறைக்கும் நடு ஃபில்டர் வாங்குங்கள். கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் என்றால் அச்சிடும்போது சரிசெய்யலாம்.

65-ஐ மட்டுமே வைத்து வேலை செய்பவர் முன்பலகை, துருத்தி, தாங்கி மூன்றையும் கழற்றிவிட்டு, பெட்டிக்குள் தகடு ஒன்றில் ஹெலிகாய்டு (திருகினால் லென்ஸை முன்பின் நகர்த்தும் வளையம்) பூட்டுவது உண்டு. லென்ஸின் ஃபிளாஞ்ச் தூரம் (லென்ஸ் போர்டில் அமரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை) சுமார் 70 மி.மீ.; அதிலிருந்து ஹெலிகாய்டின் குறைந்தபட்ச உயரத்தைக் கழித்தால் தகடு நிற்க வேண்டிய இடம் கிடைக்கும். இதில் அரை மில்லிமீட்டர் குறைவாகவே வைத்து, ஷிம்களால் (மெல்லிய தகடுகளால்) முன்னால் கொண்டுவருவது பாதுகாப்பு. முடிவிலிக்கு எட்டாத தூரத்தில் தகட்டை ஒட்டிவிட்டால் திரும்ப வழியில்லை. அதற்கு நல்ல கேமராவைப் பலியிட வேண்டாம். ரேஞ்ச்ஃபைண்டர் உடைந்தது, துருத்தி கிழிந்தது, கிராஃப்லாக் பின்பக்கம் மட்டும் நேராக இருப்பது என்று ஒன்றைத் தேடி எடுங்கள்.