ஸ்பானிஷ் கீபோர்டு, ஒன்றரை வருஷம் கழித்து: அந்தச் சின்னக் கோடு

வேலந்தாவளம் நண்பர் கேட்டார்: "பொண்ணு ஐபி டிப்ளமாவில் (பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ) ஸ்பானிஷ் ஆப் இனிஷியோ, அதாவது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கான பாடம், எடுத்திருக்கா. போன் கீபோர்டிலேயே எழுதிப் பழகட்டுங்களா?"

ஸ்பானிஷ் எழுத்தின் தலையில் வரும் கோடு மாதிரிக் குறிகள் கிடைப்பதில் குறையே இல்லை. உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்டது வரும், கேள்விக்குறியைப் பிடித்தால் தலைகீழ் ¿ வரும்.

வயிற்றெரிச்சல் ஆட்டோ கரெக்டில்தான். 'அப்லோ' என்றால் பேசுகிறேன். கடைசி 'ஓ' தலையில் கோடு விழுந்தால் 'அவர் பேசினார்'. ஆளும் மாறும், காலமும் மாறும். கீபோர்டு ஒன்றை ஊகித்துப் போட்டுவிடும். பிள்ளை கவனிக்கவே கவனிக்காது. வருஷத்துக்கு 'ஆன்யோ', அதன் 'என்' மேல் நெளிகோட்டைப் போனே போட்டுப் பழக்கிவிடும். தாளில் கோட்டை மறந்தால் வயது 15 என்பது 15 ஆசனவாய் ஆகிவிடும். ஆனால் ஆண்பாலான 'ப்ரோப்லேமா'வுக்கு (பிரச்சினை) முன்னால் ஆண்பால் 'எல்' போடாமல் பெண்பால் 'லா' போட்டால் ஒரு சிவப்புக் கோடும் வராது.

தேர்வின் எழுத்துத் தாள் 1 மணி நேரம்: இரண்டு எழுத்துப் பணி, ஒவ்வொன்றும் 70–150 சொல். ஒரு பணிக்கு அரை மணி என்று அலாரம் வைத்துக் கையால் எழுதட்டும். கடைசி 5 நிமிஷம் குறிகளுக்கு மட்டும். பிறகு ஆட்டோ கரெக்ட், பரிந்துரை இரண்டையும் அணைத்து, பிழை காட்டுவதை மட்டும் விட்டு, அதையே தட்டச்சட்டும். சிவப்பு விழுந்த சொல்லுக்குப் பக்கத்தில் காரணம் எழுதணும்: உயிர், 'என்', 'எஸ்' முடிவென்றால் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில், மற்றதற்குக் கடைசி அசையில், இதை மீறினால் கோடு.

கீபோர்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சந்தோஷமும் உண்டு. 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' அப்படியே 'மே குஸ்தா எல் மாங்கோ'. 'மே'தான் நம்ம 'எனக்கு'. பழம் பலவானால் 'குஸ்தான்'. இங்கிலீஷில் யோசிக்கிற பிள்ளைதான் 'யோ (நான்) குஸ்தோ' என்று உளறும். மலையாளத்தில் ஞானும் நீயும் அவனும் 'வன்னு'தான். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான். ஸ்பானிஷும் இப்படித்தான், விகுதியே ஆளைச் சொல்லிவிடும், வரிக்கு வரி 'யோ' வேண்டாம். வேலந்தாவளம் இருக்கிற பாலக்காடு சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ், ரோட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளை தமிழில் யோசித்துவிட்டு எழுதினாலே பாதிப் பிழை போய்விடும்.

கீபோர்டுக்கு 5க்கு 4. தேர்வுக்கு மூணு மாசம் முன்னால் போனிலிருந்தே தூக்கிவிடுங்க. முடிந்த அன்று திரும்பப் போட்டுக்கலாம், வாட்ஸ்அப்புக்கு அருமையா இருக்கும்.