ஸ்டெப்பரில் நான்கு வருடம், சர்வோவில் மூன்று வருடம்

என் மரப்பட்டறையில் நாலுக்கு எட்டடி சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்வதுபோல் மரத்தைச் செதுக்கும் மெஷின்) ஓடுகிறது. பூஜை அறைக் கதவும் நிலைக்கதவுச் சிற்பமும்தான் பெரும்பாலான வேலை. முதல் நான்கு வருடம் மூன்று அச்சிலும் 8.5 நியூட்டன் மீட்டர் ஸ்டெப்பர் மோட்டார், அதாவது ஒவ்வொரு பல்ஸுக்கும் (மின் துடிப்பு) ஒரு சிறு ஸ்டெப் சுழலும் மோட்டார். இப்போது மூன்று வருடமாக 750 வாட் ஏசி சர்வோ, தன் நிலையை அளந்து திருத்திக்கொண்டே ஓடும் மோட்டார்.

அந்த 8.5-ஐப் பார்த்துத்தான் ஸ்டெப்பர் வாங்கினேன். அது மோட்டார் நின்றபடி தாங்கும் டார்க் (சுழற்றும் திறன்) என்பது பிறகுதான் புரிந்தது. வேகம் ஏற ஏற அது சரியும். காயிலில் கரண்ட் முழுதாக ஏறுவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடுகிறது. என் பால் ஸ்குரூ (மோட்டாரின் சுழற்சியை நேர் நகர்வாக்கும் திருகு) ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகர்த்தும். 600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) நிமிடத்துக்கு 6 மீட்டர். அதற்கு மேல் போக நான் துணிந்ததில்லை. சர்வோவின் எண் வெறும் 2.39 தான். ஆனால் 3000 ஆர்பிஎம் வரை அது குறையாது, தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் மூன்று மடங்கும் தரும்.

மாற வைத்தது ஒரு தேக்குப் பலகை. கஜலட்சுமி சிற்பம், ஆறு மணி நேர வேலை. ஐந்தாவது மணி நேரத்தில் கணுவில் டூல் இடித்து எக்ஸ் அச்சு ஸ்டெப் மிஸ் ஆனது. மெஷினுக்கு அது தெரியாது. பல்ஸ் அனுப்பினால் நகர்ந்துவிட்டதாகவே அதன் கணக்கு. முகத்தில் பாதி 3 மி.மீ. தள்ளிச் செதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பலகையை இன்னும் என்னால் விறகாக்க முடியவில்லை.

சர்வோவில் என்கோடர் (மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று அளக்கும் சென்சார்) இருக்கிறது. எங்கே நிற்கச் சொன்னோம், எங்கே நிற்கிறது என்று மோட்டாரை இயக்கும் டிரைவர் பெட்டி ஓயாமல் ஒப்பிடும். வித்தியாசம் எல்லை தாண்டினால் அலாரம் போட்டு நிற்கும். ஆனால் அந்த அலாரம் ஒயரை, எல்லா அச்சுக்கும் கட்டளை தரும் கன்ட்ரோலருக்கு இழுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு அச்சு நின்றபின்னும் மற்ற இரண்டும் ஓடிப் பலகையைக் கிழிக்கும். அப்புறம் மேலும் கீழும் நகரும் இசட் அச்சுக்கு பிரேக் வைத்த மோட்டாரையே வாங்குங்கள். எனக்கு ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் பாகம்) கனமானது, கரண்ட் போனால் தானாகக் கீழே இறங்கிவிடும்.

டியூனிங் செய்ய இரண்டு நாள் ஆனது. கெயினை (வித்தியாசத்தை எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்ற அளவு) கூட்டியபோது ஸ்பிண்டிலைச் சுமக்கும் பாலமான கேன்ட்ரியே உறுமியது. சத்தம் அடங்கும்வரை குறைத்து அங்கேயே விட்டேன்.

பெயர்ப்பலகை வெட்டும் சின்ன மெஷினுக்கு இந்தச் செலவு தேவையில்லை, ஸ்டெப்பரே போதும். பணம் இடித்தால் என்கோடர் வைத்த க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பர் இருக்கிறது. வேகத்தில் டார்க் சரிவது அதிலும் உண்டு, ஆனால் ஸ்டெப் தவறினால் சொல்லிவிடும். தூண் கடையும் என் சுழல் அச்சில் அதைத்தான் போட்டிருக்கிறேன். அங்கே வேகம் வேண்டாம் என்பதால் இதுவரை குறை இல்லை.