மீன் குழம்புக்கு மண்சட்டியா, பீங்கானா?

காசிமேட்டு மீனுக்குப் புளி கரைத்தாகிவிட்டது என்றால் அலுமினியப் பாத்திரத்தை எடுக்க இப்போதெல்லாம் யாருக்கும் மனசு வருவதில்லை. சரி, மாற்றுவது என்று முடிவான பிறகு எதை வாங்குவது? சென்னை கொசப்பேட்டையில் கிடைக்கும் சாதாரண சிவப்புச் சட்டியா, கண்ணைப் பறிக்கும் பீங்கானா? நான் வாங்கியது சட்டி. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

விலையில் சட்டி மலிவு, அழகில் பீங்கான். கீழே போட்டால் இரண்டும் உடையும். இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

மண்ணிலும் கொஞ்சம் வேறுபாடு உண்டு, ஆனால் பெரிய வேறுபாடு நெருப்பில்தான். வெயிலில் மட்டும் காய்ந்த பச்சைச் சட்டியைத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும். சூளையில் 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண் படிகத்தோடு பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு சேறாகாது. 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே சூட்டில் சுருங்கும். அவசரப்பட்டுச் சூளையைப் பிரித்தால் சட்டி வெடிப்பதற்கு இது ஒரு காரணம்.

விறகும் வைக்கோலும் எரியும் நாட்டுச் சூளை பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரியில் நின்றுவிடும். துகள்கள் ஓரம் ஒட்டிக்கொள்ளும், இடையிலுள்ள நுண்துளைகள் அப்படியே இருக்கும். பீங்கானை 1200 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் பீங்கான் கலவையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடும். நல்ல பீங்கான் தன் எடையில் 0.5 சதவீதம்கூட நீர் உறிஞ்சாது. சட்டி 10 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம்.

அப்படியானால் நன்றாக வெந்த பீங்கான்தானே அடுப்புக்கு நல்லது? இல்லை. கேஸ் தீயில் அடிப்பாகம் மட்டும் வேகமாகச் சூடேறி விரியும். இறுகிய பீங்கானில் ஒரு கீறல் விழுந்தால் நேரே ஓடி முடித்துவிடும். சட்டியில் ஓடும் கீறல் ஒரு துளையிலோ மணல் பொடியிலோ முட்டி நின்றுவிடும். குயவர்கள் களிமண்ணோடு மணல் கலப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

அந்தத் துளைகளுக்கான விலையைப் பராமரிப்பில் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் வடிகஞ்சியை ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்கினால் மாவுச்சத்து துளைகளில் இறங்கும், கசிவு குறையும். சோப்பு கூடாது, துளைக்குள் போன சோப்பு அடுத்த குழம்பில் வரும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும். கழுவியதும் அலமாரிக்குள் வைக்காமல் காற்றில் கவிழ்த்துவிட வேண்டும். கார்த்திகை மழையில், வெயிலே எட்டாத நம் சந்து வீடுகளில், இதுதான் பெரிய வேலை. காயாத சட்டியில் பூஞ்சை வந்துவிடும். வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தால் உடனே பயப்பட வேண்டாம். விரலில் சொரசொரவென்று ஒட்டி, ஈரத்துணியில் கரைந்துபோனால் அது பெரும்பாலும் போர் தண்ணீர் உப்பு. மெத்தென்று மயிர் போலிருந்து முக்கல் வாடை அடித்தால்தான் பூஞ்சை.

இந்த வேலைக்குப் பொறுமை இல்லாத வீட்டில் சட்டி வாங்காதீர்கள். மற்றவர்கள் வாங்கும்போது, “தட்டிப் பாரு நைனா” என்று விற்கும் அம்மா சொல்வதைக் கேளுங்கள். கணீரென்றால் வேக்காடு சரி. மொத்தென்று கேட்டால் கீறலோ அரைவேக்காடோ இருக்கும். கறுப்புச் சட்டி கூடுதலாக வெந்தது என்பார்கள். அந்த நிறம் காற்றை அடைத்துப் புகையில் சுட்டதால் வருவது. காற்று தாராளமாகப் போனால் அதே மண்ணிலுள்ள இரும்பு சிவந்துவிடும்.

பளபளப்புப் பூச்சோடு வரும் மலிவு மண்பாத்திரத்தைத் தொடவேண்டாம். குறைந்த சூட்டில் உருகச் சில பூச்சுகளில் ஈயம் சேர்ப்பதுண்டு, அதைப் புளி கரைத்து இறக்கிவிடும்.

ஊறுகாய்க்கு மட்டும் மறுபேச்சில்லாமல் பீங்கான் ஜாடி. சட்டியில் போட்டால் எண்ணெயும் உப்பும் வெளியே கசியும். தீயில் வைப்பதற்கென்றே லித்தியம் கனிமம் கலந்த பீங்கான் வகைகளும் உண்டு. அதில் நான் சமைத்ததில்லை, அதனால் தீர்ப்பும் சொல்லமாட்டேன். வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான் என்றால் இந்தக் கேள்வியே எழாது. அடியில் இரும்பு இல்லாத இரண்டுமே அதில் சூடாகாது.